பாஸ்வேர்டு பெட்டியில் முனுசாமி படம் வந்த விதம்

நாள்: 11.10.2008, சனிக்கிழமை, காலை 11 மணி.
பெயர்: ரஷீத், வயது 46, த/பெ அப்துல் கனி.
விலாசம்: பள்ளிவாசல் தெரு, பழவேற்காடு.
தொழில்: புதுவாயல் கூட்டுரோட்டில் ‘சிஃபா கிராபிக்ஸ்’ என்ற பெயரில் ஃப்ளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை, லேமினேஷன்.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி மெஹர்னிசா, மகள் சிஃபா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நேற்று மதியம் ஏட்டய்யா என் கடைக்கு விசாரிக்க வந்தபோது நான் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருப்பதாக என் மனைவி சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அந்த நேரம் நான் கடைக்குள்ளேயே, டெலிவரிக்குச் சுருட்டி வைத்திருந்த ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனருக்குள் படுத்திருந்தேன். பேனரின் அகலம் ஐந்தடி. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். இதை அளக்காமல் படுத்தது இருபது வருடமாக அளந்து பிழைக்கும் எனக்கு அவமானம். ஏட்டய்யா குனிந்து, “பாய், கால் தெரியுது, வெளிய வா” என்றார். வந்தேன். அதன் பிறகு இன்று காலை நானாகவே ஒன்பது காகிதங்களை எடுத்துக்கொண்டு இங்கே வந்து ஆஜராகி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். நானாகவே என்று எழுதிக்கொள்ளலாம். என் மனைவி, “அந்தப் பொண்ணு மூணு நாளா ஸ்டேஷன் பெஞ்சுல குந்திக்கினு கீது, நீங்க பேனருக்குள்ள படுத்துக்கினு கீறீங்களா, வெக்கமா இல்ல?” என்று கேட்டதையும் எழுதிக்கொள்ளலாம்.

மேற்படி பெண்ணின் பெயர் மெர்சி, வயது 27. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள கற்பகவேணி டியூப்ஸ் என்னும் குழாய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். இரண்டரை வருடமாக கான்ட்ராக்ட். அவருடைய தகப்பனார் ஆசீர்வாதம், அந்தக் கம்பெனி நிற்கும் அதே நிலத்தில் ஒரு காலத்தில் நாற்று நட்டவர், இப்போது அதே இடத்தில் லாரியில் குழாய் ஏற்றுகிறார். ஆயுத பூஜை அன்று மெர்சிக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. அதற்குப் பதில் அன்று அவருடைய அடையாள அட்டையைப் பிடுங்கி, கம்பெனி நெட்வொர்க்கை வேண்டுமென்றே முடக்கினார் என்று நிர்வாக அதிகாரி துளசிராமன் இங்கே மனு கொடுத்திருக்கிறார். இந்த மனு வழக்கானால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, சிப்காட்டில் எந்தக் கேட்டிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள். அவர் முடக்கவில்லை. முடக்கியது யார் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கடந்த செப்டம்பர் மாதம் இரண்டாவது வாரம், நோன்பு நேரம், மெர்சி என் கடைக்கு வந்தார். என் கடை போர்டில் ‘வெப் டிசைனிங்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இதையும் ஒப்புக்கொள்கிறேன்: போர்டில் லேமினேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது, அதை நிரப்பத்தான் அந்த வார்த்தையைப் போட்டேன். மூன்று வருடத்தில் அதைக் கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

கம்பெனியில் புதிதாகக் கட்டிய ஆபீஸ் கட்டடத்தில் ஒயர் இல்லாமல் இன்டர்நெட் வருவதற்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள் என்றும், அங்கே யார் லேப்டாப்பைத் திறந்து இன்டர்நெட்டுக்குப் போனாலும் அந்த மெஷின் முதலில் ஒரு பக்கத்தைக் காட்டி, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு, சரியாக இருந்தால்தான் உள்ளே விடும் என்றும் மெர்சி விளக்கினார். வாட்ச்மேன் மாதிரி என்றேன். ஆமாம் என்றார். மெஷினோடு வந்த பக்கம் மொட்டையாக இருப்பதால் கம்பெனியின் சொந்தப் பக்கமாக அதை மாற்ற வேண்டுமாம். “அண்ணா, ஒரு லோகோ, ஒரு லைன், ரெண்டு பொட்டி. அவ்ளோதான். நீங்க படமா குடுத்துடுங்க, பொட்டி இருக்கற எடத்துல நான் நெஜ பொட்டிய வச்சிக்கிறேன்” என்றார். படத்தின் ஃபைல் அளவு மொத்தமும் ஒரு எம்.பி.க்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் மெஷின் வாங்காது என்றும் சொன்னார். நான் செய்யும் கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவரின் மீசை மட்டுமே அதைவிட அதிகம் வரும். இருந்தாலும் தலையாட்டினேன்.

அன்று மாலைக்குள் ஒரு லோகோ, ஒரு வரி, இரண்டு பெட்டி வைத்து, கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதுதான் முதல் காகிதம். மெர்சி பார்த்துவிட்டு, “சூப்பரா கீது” என்றார். இந்த விஷயத்தில் ஒருவர் திருப்தியாகச் சொன்ன கடைசி வார்த்தை அது.

அதன் பிறகு அந்தக் காகிதத்தை துளசிராமனிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனோம். துளசிராமன் எதையும் கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பதில்லை. திரையில் பார்த்தால் பொறுப்பு வராது, காகிதத்தில் கையெழுத்து இருந்தால்தான் பொறுப்பு என்பது அவர் கொள்கை. ஈ-மெயிலையே மெர்சி பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்துக் கொடுக்க வேண்டும். அவர் என் காகிதத்தைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், மொதலாளி படம் இல்லாம ஒரு பேஜா? கல்யாண மண்டபத்து பாத்ரூம்லகூட ஓனர் படம் மாட்டிகீறான்” என்றார். பெரியவர் படத்தை வைத்தேன். அது இரண்டாவது காகிதம்.

கம்பெனிக்கு அண்ணன், தம்பி என்று இரண்டு முதலாளிகள். பெரியவர், சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருவரும் ஒரே காரில் வந்து ஆறு வருடமாகிறது. ஒருவர் கேபினுக்கு ஏ.சி. மாற்றினால் மற்றவர் கேபினுக்கு மறுநாள் மாறும். காரணம் மாமனார் வீட்டு நிலம் ஒன்று என்கிறார்கள், இல்லை, ஒரு மைத்துனர் என்றும் சொல்கிறார்கள். இது மனுவுக்குத் தேவையில்லை என்று ஏட்டய்யா சொல்கிறார். தேவை. ஏனென்றால் மூன்றாவது காகிதத்தில் சின்னவர் படம் சேர்ந்தது. நான்காவது காகிதத்தில், சின்னவருக்கு வழுக்கை இருப்பதால் அவர் முகம் பெரிதாகத் தெரிகிறது என்று, பெரியவர் படத்தைக் கால் அங்குலம் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார்கள்.

இப்படி ஒவ்வொரு முறையும் நான் நோன்போடு புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் தொங்கிக்கொண்டு போய், கேட்டில் பெயர் எழுதி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி திருத்தத்தோடு திரும்பினேன். அந்த ஒரு மணி நேரமும் தொழிற்சங்கச் செயலாளர் முனுசாமி என் பக்கத்தில் வந்து உட்காருவார். நல்ல மனிதர். தினமும், “டீ சாப்புடு பாய்” என்பார். நோன்பு என்பேன். “அடடா, மறந்துட்டேன் நைனா. அப்ப பிஸ்கோத்தாவது துன்னு” என்பார். அவருடைய அன்பு காரணமாகவே எனக்குப் பசி அதிகமாயிற்று.

ஐந்தாவது காகிதத்தில் ஆயுத பூஜைக்காக சரஸ்வதி வந்தது. சரஸ்வதி மட்டும் வந்தால் பிரச்சினை என்று பிறையும் சிலுவையும் வந்தன. பிறையை நான் கேட்கவில்லை. ஆறாவதில் ‘வருக வருக’ என்ற வாசகமும், கை கூப்பிய நிலையில் துளசிராமனின் படமும் வந்தன. அந்தப் படம் அவர் கல்யாணத்தில் எடுத்தது. மாலையை மட்டும் நான் அழித்துக் கொடுத்தேன், பக்கத்தில் இருந்த அவர் மனைவியின் தோளையும் அழித்தேன். இவ்வளவையும் ஒரு எம்.பி.க்குள் அடக்க மெர்சி கம்ப்யூட்டரில் நசுக்கி நசுக்கிப் பார்த்ததில் பெரியவர் முகம் ஆவியில் வைத்த புட்டு மாதிரி ஆயிற்று. மெர்சி என்னிடம், “அண்ணா, இது உள்ள போறதுக்கு ஒரு கதவு. இவங்க இன்னான்னா கதவுல போஸ்டர் ஒட்டிக்கினே கீறாங்க” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இது எப்போது முடியும் என்று கேட்டார். பக்கம் தயார் என்று எழுதிக் கொடுத்தால்தான் தன்னுடைய ஆர்டர் மேசைக்கு வரும் என்று துளசிராமன் சொல்லியிருப்பதாகத் தெரிவித்தார்.

ஏழாவதில் மறுபடி அளவுத் திருத்தம் மட்டும். அதன் பிறகு எட்டாவது காகிதம் தயாரானபோது முனுசாமிக்கு விஷயம் தெரிந்தது. நிர்வாகத்தின் படம் இருக்கும் பக்கத்தில் தொழிலாளியின் படமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஜை அன்று பொரி வாங்க ஒருவரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் தனியாக, “எனுக்கு ஆச இல்ல பாய். பசங்க கேக்கறானுங்க” என்றார். அப்படிச் சொல்லும்போதே சட்டைப் பையிலிருந்து புதிதாக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்தார். தலைக்கு மை போட்டிருந்தது.

25.09.2008, வியாழக்கிழமை, மதியம் சுமார் மூன்று மணிக்கு துளசிராமன் அறையில் நானும் மெர்சியும் முனுசாமியும் இருந்தோம். காகிதத்தில் ஒரு விரல் வைக்க இடமில்லை. கீழே அந்த இரண்டு பெட்டிகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. துளசிராமன் பேனாவால் அவற்றைத் தட்டி, “இந்தக் காலி எடம் எதுக்கு வேஸ்ட்டா கீது?” என்று கேட்டார். மெர்சி, “சார், அதுதான் சார் வேணும். மத்ததுதான் வேணாம்” என்றார். அவர் சற்று வேகமாகச் சொல்லிவிட்டார். துளசிராமன் முகம் மாறியது. “மத்ததுன்னா யாரு? பெரியவரா, சின்னவரா, நானா?” என்றார். அதன் பிறகு துளசிராமன், முதல் பெட்டியில் ‘ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்’ என்றும், இரண்டாவது பெட்டியில் முனுசாமியின் படத்தையும் வைக்கச் சொன்னார். “பொட்டி இல்லாம எப்டி சார் உள்ள போவாங்க?” என்று மெர்சி கேட்டார். “பெரியவர் படத்தப் பாத்தப்பறம் உள்ள இன்னா வேல?” என்று துளசிராமன் சொன்னார்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இரண்டாவது பெட்டிதான் பாஸ்வேர்டு அடிக்கும் இடம் என்பது எனக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். அது போனால் ஒருவரும் உள்ளே போக முடியாது என்பதும் தெரியும். “சார், அந்தப் பொண்ணு சொல்றது கரெக்டு” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பத்தாவது காகிதம் வரும். எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. ஏற்கெனவே எட்டு தடவை அந்த ஷேர் ஆட்டோ. மேலும், உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், இவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தின் முன்னால் உள்ளே போக வழி தெரியாமல் நிற்பதை மனதில் நினைத்துப் பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. கடைக்கு வந்து நானே என் கையால் முனுசாமியை அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். சரியாகப் பொருந்தினார்.

மறுநாள் அந்த ஒன்பதாவது காகிதத்தில் துளசிராமன் பச்சை மையில், ‘இதன்படியே. எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். முனுசாமியும் கையெழுத்திட்டார். இரண்டு முதலாளிகளின் பி.ஏ.க்களும் கையெழுத்திட்டார்கள். மெர்சி மட்டும் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘பெட்டி இல்லை, உள்ளே போக முடியாது’ என்று சிறியதாக எழுதினார். துளசிராமன் ரப்பர் வாங்கி அழித்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தடம் தெரிகிறது. ஏட்டய்யாவும் சாய்த்துப் பார்த்தார். அந்தக் காகிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதன்படியே மெர்சி, பூஜை அன்று முதல்முறையாக ஓடப்போகும் அந்த மெஷினில் ஏற்றினார். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

07.10.2008, செவ்வாய்க்கிழமை, கம்பெனியில் பூஜை. கேட்டில் வரவேற்பு பேனர் கட்டுவதற்காக நான் போயிருந்தேன். காலை பதினொரு மணிக்கு மேல் பெரியவர், புனாவிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகளோடு புதிய கட்டடத்தின் மீட்டிங் ஹாலில் உட்கார்ந்து, தன்னுடைய லேப்டாப்பைத் திறந்து ஏதோ ஆர்டர் விஷயமாக இன்டர்நெட்டில் காட்டப் போனார். நான் சுண்டல் தொன்னையோடு வாசற்படியில் நின்றிருந்தேன். எனக்கு லேப்டாப்பின் முதுகும் பெரியவரின் நெற்றியும்தான் தெரிந்தன. நெற்றி முதலில் சாதாரணமாக இருந்தது, அதன் பிறகு சுருங்கியது. “இன்னாய்யா இது, ஒண்ணும் வரலியே” என்றார். துளசிராமன் திரையைப் பார்க்காமலேயே குனிந்து அவர் காதில், “சார், அந்தப் பொண்ணு பொட்டிய எடுத்துடிச்சி சார்” என்றார். பெரியவர், “எந்தப் பொட்டி?” என்றார். மெர்சி ஓடி வந்து, “சார், ஒரு நிமிசம் நான் பாக்கறேன்” என்று லேப்டாப் பக்கம் கையை நீட்டினார். “தொடாத! செஞ்சது போதும்” என்று துளசிராமன் சத்தம் போட்டார். விருந்தாளிகள் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எல்லோரும் பார்க்க மெர்சியின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கயிறு அவருடைய பின்னலில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஒருவரும் உதவவில்லை. நானும் உதவவில்லை. லாரி அருகே நின்றிருந்த ஆசீர்வாதம், மகள் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, மறுபடி குழாயைத் தூக்கினார். நான் கையிலிருந்த சுண்டலைத் தின்று முடித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை முனுசாமி என் கடைக்கு வந்து, “தப்பு நம்மளுதுதான் பாய். என் மூஞ்சிதான் அங்க குந்திக்கினு கீது. ஆனா போயி சொன்னா சங்கத்துக்குக் கெட்ட பேரு, பேஜாராப் பூடும்” என்று சொல்லிவிட்டு, முதல் முறையாக டீ சாப்பிடச் சொல்லாமல் போனார்.

ஆகவே, மேற்படி பக்கத்தில் பெட்டிகளை எடுத்தது நான். எடுக்கச் சொன்னது துளசிராமன். எடுக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் மெர்சி. அதனால்தான் பெரியவருக்கு அன்று இன்டர்நெட் வரவில்லை. இதற்கு என்ன தண்டனையோ அது எனக்கு வரட்டும், கடைப் போர்டிலிருந்து அந்த ஒரு சாண் வார்த்தையையும் அழித்துவிடுகிறேன். என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை, மனைவியைத் தவிர. நான் சொன்னதை ஏட்டய்யா எழுதி, எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நான் சொன்ன சில நல்ல இடங்களை விட்டுவிட்டார், ஆனால் எழுதியது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரஷீத்

ஒப்பமிட்ட பின், அதே நாள் பகல் 1.10 மணிக்குச் சேர்த்து எழுதியது:

சாட்சிப் பொருளாகக் கேட்டிருந்த பெரியவரின் லேப்டாப்பை அவருடைய டிரைவர் சின்னராசு இப்போது ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். ஏட்டய்யா பெஞ்சில் இருந்த மெர்சியைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று காட்டச் சொன்னார். மெர்சி மூடியைத் திறக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி, அதன் இடது ஓரத்தைப் பார்த்துவிட்டு, நகத்தால் ஒரு சிறிய பொத்தானைத் தள்ளினார். நீல விளக்கு எரிந்தது. “ஒயர் இல்லாம நெட்டு வர்றதுக்கு இதுதான் சார் சுச்சு. இது ஆஃப்ல கீது. ஆஃப்ல இருந்தா எந்தப் பேஜும் வராது. பொட்டி இருந்தாலும் வராது, இல்லாட்டியும் வராது” என்றார். ஏட்டய்யா துளசிராமனுக்குப் போன் செய்தார். துளசிராமன், மனுவைத் திரும்பப் பெற உடனே புறப்பட்டு வருவதாகவும், அதுவரை பெரியவருக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மெர்சி, தன் அடையாள அட்டையையும் நிரந்தர ஆர்டரையும் துளசிராமன் கையோடு கொண்டுவந்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லி மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பொத்தானை ஆஃப் செய்தது யார் என்று ஏட்டய்யா கேட்டதற்கு டிரைவர் சின்னராசு சொன்னது: “நான்தாங்க. வாங்கன நாள்லேர்ந்து பைல வெக்கறப்ப தள்ளி வுட்டுடுவேன், பேட்டரி தீந்துடும்னு. அய்யா ஊட்ல ஒயர் போட்டுத்தான் பாப்பாரு, அவருக்கு அது கீறதே தெரியாது.”

(ஒப்பம்) ரஷீத்